அந்தப் பெயரை உன் பிள்ளைக்கு வைக்காதே

அன்புள்ள மகனுக்கு,

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய். உன் அப்பாவும் அப்படித்தான். அதனால் எழுதுகிறேன். வேலை உடுப்பைக் கழற்றிவிட்டு, குளித்துவிட்டு, உட்கார்ந்து முழுக்கப் படி. படித்த பிறகு பிரமிளாவிடமும் கொடு. அவளுக்கு இதில் கொஞ்சம் தெரியும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து இருவரும் கிள்ளானுக்கு வந்தீர்கள். கைத்தொலைபேசியில் ஸ்கேன் படத்தைக் காட்டினாய். "பையன்தாம்மா" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் சொன்னாய்: "சேவியர்னே வச்சிடுவோம். அவன்தானே திரும்பி வரான்." பிரமிளா தலையைக் குனிந்துகொண்டு தன் விரலில் இருந்த மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து தே தண்ணி கலக்கப் போய்விட்டேன். அம்மாவுக்குக் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபமெல்லாம் இல்லை. அடுப்படியில் நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம். அவன் வருகிறான், இந்தத் தடவை நான் தூக்கிக்கொள்வேன் என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. உன் வயதுக்கு நீ பேசிய பேச்சுக்கு உன்னை இரண்டு திட்டுத் திட்டியிருக்க வேண்டிய நான், அப்படிச் சந்தோஷப்பட்டேன். அதை நினைத்துத்தான் பிறகு பயந்துபோனேன்.

உனக்கு முன்னால் ஒருவன் பிறந்து இறந்தது உனக்குத் தெரியும். ஆனால் உனக்குத் தெரிந்ததெல்லாம் உன் அத்தை சொன்ன கதை. நான் சொல்கிறேன், கேள். கல்யாணமாகி ரொம்ப நாள் எங்களுக்குப் பிள்ளை இல்லை. நானும் உன் அப்பாவும் புனித சேவியருக்கு, நம் சவேரியாருக்கு, நேர்ந்துகொண்டோம். ஆண் பிள்ளை பிறந்தால் உங்கள் பெயரை வைக்கிறோம், கோயில் பீடத்தடிக்கு நடக்க வைத்துக் கூட்டி வருகிறோம் என்று. பிறந்தான். மாதம் நிறைவதற்கு முன்பே பிறந்தான். காலையில் பிறந்தவன் பொழுது சாய்வதற்குள் போய்விட்டான். போவதற்கு முன்னால் உன் அப்பா குழாய்த் தண்ணீரைப் பிளாஸ்டிக் கோப்பையில் பிடித்து வந்து, தன் கையாலேயே நெற்றியில் ஊற்றிச் சேவியர் என்று ஞானஸ்நானம் கொடுத்தார். பச்சைச் சட்டை போட்ட ஆஸ்பத்திரி ஆள் ஒருவன் அவனைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் ஆடும் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு போனான். என் கையில் ஒரு தடவைகூட யாரும் கொடுக்கவில்லை. கொடுத்தால் நான் தாங்கமாட்டேன் என்று எல்லாரும் கூடி முடிவு பண்ணிவிட்டார்கள்.

அடுத்து நீ பிறந்தாய். கொழுகொழுவென்று, வார்டே அதிர அழுதுகொண்டு. உனக்கு உன் அப்பா வேறு பெயர் யோசித்து வைத்திருந்தார். உன் அத்தை விடவில்லை. "பேரு நேர்ந்தாச்சு. புள்ள மாறலாம், பேரு மாறக் கூடாது. அந்தப் பேரோட ஒருத்தன் பீடத்துக்கு நடந்து போற வரைக்கும் நேர்த்தி தீராது" என்றார். மறுத்துப் பேச எங்களுக்குத் தெம்பில்லை. கோயில் சாமியாரும் தடுக்கவில்லை. அவனுக்கென்று தைத்த வெள்ளைச் சட்டையையே ஞானஸ்நானத்துக்கு உனக்குப் போட்டோம். அவனுக்கென்று சொல்லி வைத்திருந்த ஞானத்தகப்பனே வந்து மெழுகுவத்தி பிடித்தார். நம் ஆட்களைத் தவிர வேறு யார் இப்படிச் செய்வார்கள் சொல். வேண்டுதலை நிறைவேற்றுகிறோம் என்று ஒரே பெயரை இரண்டு தலையில் கட்டினோம்.

பிறகுதான் அது தொடங்கியது. பக்கத்து ஊர் தெலுக் பங்லிமா காராங்கில் உள்ள ஃபேக்டரியில் காலை ஷிஃப்ட் முடிந்து வந்து, மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படியிலிருந்து சேவியர் என்று உன்னைக் கூப்பிடுவேன். அறையிலிருந்து நீ ஓடிவரும் சத்தம் கேட்கும். கூடத்தின் மறு பக்கத்திலிருந்து இன்னொரு சத்தமும் வரும். சின்னக் காலடி, வெறுங்கால், சிமெண்டுத் தரையில் தப் தப் என்று. நீ வந்து நாற்காலியில் ஏறியதும் அது நின்றுவிடும். மேல் வீட்டுப் பிள்ளைகள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒரு நாள் நீ தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, "அவன் இன்னும் கை கழுவல மா" என்றாய். உச்சி வெயில், சன்னல் எல்லாம் திறந்திருக்கிறது, பக்கத்து வீட்டு வானொலியில் பாட்டு ஓடுகிறது. நீ தள்ளி வைத்த தட்டுக்குப் பக்கத்தில் நான் இன்னொரு அப்பளம் வைத்தேன்.

கல்லறைத் திருநாள் உனக்கு ஞாபகம் இருக்கும். வருடா வருடம் பூவும் மெழுகுவத்தியும் வாங்கிக்கொண்டு போவோம். ஒரு வருடம், நீ அப்போதுதான் பாலர் பள்ளியில் எழுத்துக்கூட்டப் பழகியிருந்தாய். கண்ணில் படுகிற பலகையை எல்லாம் வாசிப்பாய். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருகிறார், நீ அவன் கல்லறைச் சிலுவைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து விரலை வைத்து வாசித்தாய்: "சே... வி... யர்." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "நான் உள்ள இருக்கேனா மா?" என்று கேட்டாய். அத்தைதான் முந்திக்கொண்டார். "ஆமாண்டா கண்ணு, முதல்ல வந்துட்டுப் போயி, மறுபடி வந்திருக்க" என்றார். நீ அழவில்லை. மண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வாங்கிக் கொடுத்த மிட்டாயைப் பிட்டு ஒரு துண்டை அங்கே வைத்தாய். எல்லாரும் நல்ல பிள்ளை என்றார்கள்.

அன்றிலிருந்து எதிலும் நீ பாதிதான். தட்டில் பாதிச் சோறு மீதி. பரிசு வாங்கினால் அறையில் தனியாக உட்கார்ந்து யாருக்கோ காட்டுவாய். கட்டிலில் சுவரோரமாக ஒடுங்கிப் படுப்பாய், மறு பக்கம் கசங்காமல் இருக்கும். கல்யாணமான பிறகும் அப்படித்தானாம், பிரமிளா சொல்லி வருத்தப்பட்டாள். "நடுவுல ஒரு ஆள் படுக்கற மாதிரி இடம் விட்டுட்டுப் படுக்கறாரு மாமி. நான் அந்தப் பக்கம் நகர்ந்தா எழுந்து கீழ தரையில போய்ப் படுத்துக்கறாரு." லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலையிலும் சூப்பர்வைசராகப் போகச் சொல்லி உன் பாஸ் கூப்பிட்டபோது, "வேற யாருக்காச்சும் குடுங்க பாஸ்" என்று சொல்லிவிட்டு வந்தாய். என்னடா என்று கேட்டதற்கு, "முழுசா எடுத்துக்கிட்டா என்னமோ மாதிரி இருக்கும்மா" என்றாய். அடக்கமான பையன் என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்தேன். என் புத்தியை என்ன சொல்ல.

நீங்கள் ஸ்கேன் படம் காட்டிவிட்டுப் போன மறுநாள் பிரமிளா கூப்பிட்டாள். "மாமி, எனக்குப் பயமா இருக்கு. வயித்துக்கிட்ட வந்து குழந்தைக்கிட்ட பேசறாரு. 'உன் பங்கு எல்லாம் பத்திரமா இருக்கு, வந்து எடுத்துக்க'ங்கறாரு. எம்புள்ள எம்புள்ளையா இருக்கணும் மாமி." அவள்தான் பிரிக்ஃபீல்ட்ஸில் கவுன்சலிங் பார்க்கிற சிஸ்டரைப் பற்றிச் சொன்னாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. "எனக்கென்ன பைத்தியமா? தினம் செபமாலை சொல்றேன், பூசைக்குப் போறேன், என்னைக் கவுன்சலிங் போகச் சொல்றியா?" என்று கத்தினேன். அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஆனாலும் புதன்கிழமை அந்த சிஸ்டரைப் பார்க்க ரயில் ஏறிவிட்டேன்.

பூக்கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. காலை நேரம். கீழே பஸ் ஹாரன், மல்லிகை வாசனை, அவ்வப்போது மோனோரயில் போகிற சத்தம். அறையில் இரண்டு நாற்காலி, சுவரில் சிலுவையோடு ஒரு பாடுபட்ட சுரூபம், ஒரு டிஷ்யூ டப்பா. சிஸ்டர் புளோரா என்னைவிடக் குள்ளம், கன்னியர் மடத்துக்குப் போகும் முன்பு நர்ஸாக இருந்தவர். எல்லாவற்றையும் சொன்னேன். காலடிச் சத்தத்தையும் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "அது ஆவியா இல்லையான்னு நான் சொல்ல மாட்டேன் லா. எனக்குத் தெரியாது. உங்களுக்கு வலிக்குது, அது தெரியுது" என்றார். பிறகு கண்ணை மூடச் சொன்னார். "அந்த ஆஸ்பத்திரி ரூமுக்குப் போங்க. அவசரப்படாதீங்க. ஆண்டவரையும் கூட்டிக்கிட்டுப் போங்க. போயி, அவரு எங்க நிக்கிறாருன்னு பாருங்க."

போனேன். அப்படித்தான் சொல்ல வேண்டும், நினைத்துப் பார்த்தேன் என்று சொன்னால் அது பொய். டெட்டால் நெடி அடித்தது. என் கட்டில் இருந்தது. ஆண்டவரைக் காணவில்லை. சன்னல் பக்கம் ஒரு பெரிய ஆள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவன். கழுத்து அப்படியே உன் அப்பாவின் கழுத்து. இத்தனை வருடமும் அங்கேயே உட்கார்ந்து வளர்ந்திருக்கிறான் என்று புரிந்தது. சேவியர் என்று கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை. எனக்குப் பின்னாலிருந்து, கிட்டத்தில், "வந்துட்டேம்மா" என்று ஒரு குரல் கேட்டது. கண்ணைத் திறந்துவிட்டேன். சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "யாராச்சும் வந்தாங்களா சிஸ்டர்?" என்றேன். எழுந்து போய்ப் பார்த்தார். கதவு உள்பக்கம் தாழ் போட்டபடியே இருந்தது. எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று மாலை நீ எனக்குப் போன் பண்ணினாய். ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, காலையில என்னைக் கூப்பிட்டியா? லிஃப்ட் பெட்டிக்கு மேல நின்னு கேபிள் பாத்துக்கிட்டிருந்தேன். நீ பக்கத்துலேர்ந்து கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. வந்துட்டேம்மான்னு சத்தமா சொல்லி ஒரு அடி எடுத்து வச்சிட்டேன். கூட இருந்த பங்ளாதேஷ் பையன் பெல்ட்டப் புடிச்சு இழுத்துட்டான்." சொல்லிவிட்டு நீ சிரித்தாய். நான் உன்னிடம், அந்த வெக்கையில் நின்றால் அப்படித்தான், தண்ணீர் குடி என்றேன். போனை வைத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அங்கே அவனைக் கூப்பிட்டால் இங்கே நீ காலை எடுத்து வைக்கிறாய். தற்செயல் என்று நீ சொல்லலாம், சிஸ்டரும் அப்படி இருக்கலாம் என்றுதான் சொன்னார். எனக்கு அதைச் சோதித்துப் பார்க்கத் துணிச்சல் இல்லை, ஐயா. அன்றைக்கு முடிவு பண்ணினேன், உன் பிள்ளை தலையிலும் அந்தப் பெயரை ஏற்ற நான் விடமாட்டேன் என்று.

மறுபடி போனேன். இந்தத் தடவை சிஸ்டர் முதலில் ஒரு கேள்வி கேட்டார். "உங்க மூத்தவரை வீட்ல என்னன்னு கூப்பிடுவீங்க?" எனக்குப் புரியவில்லை. சேவியர்தான் என்றேன். "அது ஞானஸ்நானப் பேரு. அது அவருக்கும் சொந்தம், சின்னவருக்கும் சொந்தம், சண்டையில்ல. நம்ம வீட்ல ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு வீட்டுப் பேரு இருக்கும்ல? தம்பி, பாபு, குட்டின்னு?" வீட்டுக்கே வராத பிள்ளைக்கு வீட்டுப் பெயர் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். கேட்டதும் உடைந்து போனேன். அவன் இறந்தபோது வராத அழுகை எல்லாம் அந்த அறையில் வந்தது. கீழே பூக்கட்டுகிற பெண் மேலே ஏறி வந்து, "ஆன்டிக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பிறகு கண்ணை மூடினேன். அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். "ராசு" என்றேன். எங்கிருந்து வந்ததோ தெரியாது, வாயில் வந்தது. அவன் திரும்பினான். முகத்தைப் பற்றி உனக்குச் சொல்லமாட்டேன், அது எனக்கு மட்டும். என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. "அம்மா உன்னைத் தூக்கலடா ராசு, குடுக்கல அவங்க" என்றேன். தலையை ஆட்டினான். எழுந்து, அந்த ஆடுகிற கதவை நோக்கி நடந்து போனான். ஆண்டவரை நான் கடைசிவரை பார்க்கவில்லை, பார்த்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் கதவை அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். கை மட்டும் தெரிந்தது. அவன் போகும்வரை கதவு ஆடவில்லை.

கல்லறைச் சிலுவையில் ஆள் வைத்துப் பெயர் மாற்றியாகிவிட்டது. இப்போது அதில் ராசு என்று இருக்கிறது, கீழே, தகப்பன் என்று, உன் அப்பா பெயர். உன் பெயர் அங்கே இல்லை. வேண்டுமானால் பகல் வேளையில் போய் உன் கண்ணால் பார்த்துவிட்டு வா. அத்தை கேட்டால் என்னிடம் பேசச் சொல். நேர்த்தி எல்லாம் நீ சின்ன வயதில் புது நன்மை, முதல் நற்கருணை, வாங்கப் பீடத்துக்கு நடந்து போன அன்றே தீர்ந்தது.

நீயும் சிஸ்டரைப் போய்ப் பார்க்க வேண்டும். என் காயத்தைத்தான் நான் காட்ட முடிந்தது, உன்னுடையதை நீதான் காட்ட வேண்டும். செபத்தோடு டாக்டரையும் ஒரு தடவை பார்க்கச் சொன்னார், அதிலும் வெட்கம் இல்லை. உயரத்தில் ஏறுகிற வேலையைக் கொஞ்ச நாளைக்கு வேறு ஆளிடம் கொடு. கட்டிலில் நடுவில் படு, பிரமிளா பக்கம். உன் பிள்ளைக்கு நீங்கள் இருவரும் உட்கார்ந்து, நம் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத ஒரு பெயரை வையுங்கள். அவன் யாருடைய பங்கையும் எடுத்துக்கொள்ள வரவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு நீ என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். "அவன் செத்ததனாலதானே என்னைப் பெத்த? அவன்தானே உனக்கு வேணும்?" சிஸ்டரும் அதைக் கேட்டார். "மூத்தவர் நெனப்பே இல்லாம, சின்னவர் மட்டும் வேணும்னு நீங்க நெனச்ச நேரம் ஒண்ணாவது இருக்கா?" யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இல்லை சிஸ்டர் என்றேன். ரயிலில் திரும்பி வந்து கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கி, கடைத்தெரு வழியாக நடந்து வரும்போதுதான், துணிக்கடை வாசலில் கால் தானாக நின்றது.

நீ ஒன்றாம் வகுப்புப் படித்த வருடம். தீபாவளிக்கு முன்னால், இந்தக் கடைத்தெரு பூராவும் கூட்டம். துணி மலிவாகப் போடுவார்கள் என்று உன்னைக் கூட்டி வந்திருந்தேன். கையை உதறிக்கொண்டு போய்விட்டாய். தேடினேன், ஓடினேன், கண்ணில் படுகிற பையனை எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கேசட் கடை அண்ணன் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, "பேரு சொல்லுங்கக்கா, கூப்பிடறேன்" என்றார். வாய் வரைக்கும் வந்த பெயரை நான் விழுங்கிவிட்டேன். அந்தப் பெயரைக் கூப்பிட்டால் எது வருமோ என்று பயந்தேன். எனக்கு நீ வர வேண்டும், நீ மட்டும். "பேரு வேணாம் அண்ணே" என்றேன். "பேரு இல்லாம எப்படிக்கா?" என்று அவர் முறைத்தார். நான் சொல்லச் சொல்ல அவர் மைக்கில் சொன்னார். ஒரு காது மடிஞ்சிருக்கும். முழங்கால்ல புண்ணு, பிளாஸ்டர் ஒட்ட விடமாட்டான். சிரிச்சா விக்கல் வரும். முன் பல்லு ரெண்டும் விழுந்துடுச்சு. தெருவே சிரித்தது. நான் அழுதுகொண்டே, இன்னும் சொல்லுங்க அண்ணே, இன்னும் சொல்லுங்க என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

துணிக்கடை மேசைக்கு அடியிலிருந்து நீ வெளியே வந்தாய். முகமெல்லாம் சிவந்து, ரோஷம் பொத்துக்கொண்டு வர. "ஏம்மா பல்லு இல்லன்னு மைக்ல சொன்ன?" என்று கத்தினாய்.

அவனுக்குப் பல் முளைக்கவே இல்லை, ஐயா. அந்தத் தெரு முழுக்க நான் தேடியது உன்னைத்தான்.

அம்மா